அத்தான் சொன்ன ஏரி

என் அக்கா புருஷன் ஜுமாதிலைப் போல ஆய்கோல் ஏரியை வர்ணிக்க எங்கள் பள்ளத்தாக்கில் இன்னொரு ஆள் கிடையாது. காலையில் தண்ணீர் என்ன நிறம், மேகம் வந்தால் என்ன நிறம், பனியாறு எந்த மூலையில் வந்து தண்ணீரைத் தொடுகிறது, எல்லாம் சொல்வார். ஏரிக்கு நடுவில் மண்டிபோட்டுப் படுத்திருக்கும் ஒட்டகம் போல ஒரு பாறை, அதன் இரண்டு திமிலுக்கும் இடையில் வந்து உட்காரும் ஒற்றை வாத்து என்று அவர் சொல்லிக்கொண்டே போகும்போது, மலையேற வந்த வெளிநாட்டுக்காரர்கள் தேநீரை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மொழிபெயர்க்கிற கைடு பாதியில் மொழிபெயர்க்க மறந்துவிடுவான். விஷயம் என்னவென்றால், அத்தான் அந்த ஏரியைப் பார்த்ததே இல்லை.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் மெலிஸ். கராகோல் ஊரிலிருந்து பழைய ராணுவ லாரியில் மலையேறுகிறவர்களை ஏற்றிவந்து அத்தானின் முகாமில் இறக்கிவிடுவது என் பிழைப்பு. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் லாரி ஆற்று நடுவில் நின்றுபோய், தண்ணீர் வடியட்டும் என்று நானும் அவரும் லாரிக் கூரைமேல் ஒரு பாட்டில் வோட்காவோடு உட்கார்ந்திருந்தோம். பாட்டில் பாதியானபோது அவர் அதைச் சொல்லிவிட்டார். தெளிந்ததும் செய்த முதல் காரியம், சாப்பிட வைத்திருந்த ரொட்டியின்மேல் என் கையை அழுத்திப் பிடித்து யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கியது. ரொட்டிச் சத்தியத்தை மீறினால் ரொட்டி அடிக்கும் என்பார்கள் எங்கள் ஆட்கள். நான் எதற்கும் பயப்படாதவன்தான், ஆனாலும் தினமும் சாப்பிடுகிற பொருளோடு ஏன் வம்பு என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். பதினாலு வயதில், தொலைந்துபோன குதிரைகளைத் தேடி அவர் தன் அப்பாவோடு கணவாய்க்கு ஏறியிருக்கிறார். சரளைச் சரிவின் நடுவில் காலடியில் கல் நழுவி, சரசரவென்று ஐம்பதடி கீழே போய் ஒரு பாறை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அடி எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. அப்பா இறங்கி வந்து, செம்மறிக்குக் கட்டுவது போலக் கையையும் காலையும் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அந்த அப்பாதான் பிறகு ஏரியைப் பற்றிச் சொன்னது. அத்தான் அதை வாங்கி, மெருகேற்றி, வாத்து சேர்த்து, தான் பார்த்ததாக ஆக்கிக்கொண்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குதிரைமேல் உட்கார்ந்துவிட்டால் அவருக்குப் பயம் என்பதே கிடையாது. பக்கத்துக் கூடாரத்தில் உப்பு வாங்க வேண்டும் என்றாலும் சேணம் போட்டுத்தான் போவார். ஆட்டு உடலைப் பறித்துக்கொண்டு ஓடும் உலாக் விளையாட்டில் தோள் எலும்பு முறிந்தபோதுகூட, ஆட்டை எல்லைக் கோட்டுக்குள் போட்டுவிட்டுத்தான் விழுந்தார். தன் சொந்தக் காலால் ஒரு சரிவில் நிற்கச் சொன்னால் மட்டும் மனுஷன் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடுவார்.

அதனால் ஒரு சட்டம் போட்டுவைத்தார். முகாமிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் கடைசி ஊற்று இருக்கிறது. அதுவரை மூட்டை முடிச்சைக் குதிரைகளில் ஏற்றிக்கொண்டு போவார். "இதுக்கு மேல குதிரை ஏறாது. கல்லு கால உடைச்சிடும்," என்று சொல்லி எல்லாவற்றையும் இறக்கிவிடுவார். அங்கிருந்து கணவாய்க்கு மூன்று மணி நேரம். ஜெர்மன்காரனோ கொரியாக்காரனோ, முதுகில் மூட்டையோடு மூச்சிரைக்க ஏறுவார்கள். குதிரை ஏறாது என்று ஜுமாதிலே சொன்ன பிறகு யார் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள்? மற்ற குதிரைக்காரர்களும் அதையே சொல்ல ஆரம்பித்து, இருபது வருஷத்தில் அது மலையின் சட்டமே ஆகிவிட்டது.

என் அக்கா அனார்கான் அந்த முகாமில் ரொட்டி சுடுகிறவள், குதிரைப் பால் கறக்கிறவள், முப்பது பேருக்குச் சமைக்கிறவள். கோடை முழுக்க அடுப்பை விட்டு நகர முடியாது. குளிர்காலத்தில் ஏரிக்குப் போக யாராலும் முடியாது. அதனால் இருபத்தாறு வருஷமாக அவளும் ஏரியைப் பார்த்ததில்லை. ஆனால் அத்தான் அதைச் சொல்லத் தொடங்கினால் மாவு பிசைகிற கையை நிறுத்திவிடுவாள். நூறாவது தடவையாகக் கேட்டாலும் நிறுத்திவிடுவாள்.

இந்த வருஷம் ஜூலையில் எல்லாம் கெட்டது. அக்காவின் மருமகள் அய்பீகே, கல்யாணமாகி மூன்று மாதம்தான், தோழிகளோடு விடிகாலையில் கிளம்பி ஏரியைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிட்டாள்.

"அத்தை, இங்க பாருங்க, ஏரி!" என்று போனை நீட்டினாள்.

அக்கா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். ஒரு படம், இரண்டு படம், ஏழு படம். "ஒட்டகத்தக் காணோமே?"

"எந்த ஒட்டகம் அத்தை?"

"நடுவுல ஒரு பாறை இருக்குமே."

"நடுவுல தண்ணிதான் இருந்துச்சு."

வாசலில் சேணத்தைத் தைத்துக்கொண்டிருந்த அத்தான் ஊசியை விரலில் குத்திக்கொண்டார். "பனி உருகுற நேரம்மா இது. தண்ணி ஏறியிருக்கும். பாறை முங்கிப்போயிருக்கும்," என்றார், விரலைச் சூப்பிக்கொண்டே.

"ஆகஸ்டு கடைசியில தண்ணி இறங்கிடுமா?" என்று அக்கா கேட்டாள்.

"இறங்கும், இறங்கும்."

"அப்ப ஆகஸ்டு கடைசியில என்னைக் கூட்டிட்டுப் போங்க. அக்டோபர்ல இந்தத் தேஞ்ச முழங்கால ஆபரேஷன் பண்ணப் போறாங்க. அப்புறம் நான் எங்க மலை ஏறப்போறேன்? இப்ப விட்டா எப்பவும் இல்ல."

அத்தான் தலையாட்டினார். வேறு என்ன செய்வார்? ஆகஸ்டு வந்தது. முதல் வாரம் குளிர்காலத்துக்குப் புல் அறுக்க வேண்டும் என்றார். இரண்டாவது வாரம் குதிரைக்கு லாடம் சரியில்லை. மூன்றாவது வாரம் தன் இடுப்பே சரியில்லை. நான்காவது வாரம் அக்கா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது பொதுவாக அறிவித்தாள்.

"புதன்கிழமை போறோம். பயணத்துக்கு நல்ல நாள். சமையல அய்பீகே பாத்துக்குவா. மெலிஸ், நீயும் வா, என்னைத் தூக்கிவிட ஆள் வேணும்."

மறுநாள் அத்தான் என் லாரிக்கு அடியில் தவழ்ந்து வந்தார். நான் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், புதன்கிழமை மழை வருமா?"

"வராது அத்தான். வானம் தொடச்சுவிட்ட மாதிரி இருக்கு."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"பேசாம அக்காகிட்ட சொல்லிடுங்க. நான் சொல்ல முடியாது, ரொட்டி என்னை அடிக்கும். நீங்க சொன்னா அக்கா மட்டும்தான் அடிப்பா."

அவர் சிரிக்கவில்லை. லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அச்சைப் பார்த்தபடி சொன்னார். "அடிச்சா பரவாயில்ல மச்சான். நான் ஏரியப் பத்திச் சொல்லும்போது அவ மாவ விட்டுட்டு என்னைப் பாப்பா, கவனிச்சிருக்கியா? இந்த வயசுலயும் பாப்பா. அது போயிடும். அது போனா எங்கிட்ட வேற என்ன இருக்கு? இடுப்பு வலியும் நாலு குதிரையும்."

வாய்க்கு வந்த கிண்டலை விழுங்கிக்கொண்டேன்.

அவருடைய கணக்கு வேறு. அக்காவின் முழங்கால் ஊற்று வரைக்கும்தான் தாங்கும், அங்கே அவளே போதும் என்பாள் என்று நம்பிக்கொண்டிருந்தார். புதன்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். அக்கா சாம்பல் குதிரையில், அத்தான் தன் செவலையில், நான் நடந்து. சாம்பல் குதிரை வசந்தத்தில்தான் வாங்கியது, மலைக்கு அந்தப் பக்கத்து மேய்ப்பன் ஒருவனிடமிருந்து. ஊற்றுக்குப் போய்ச் சேர்ந்ததும் அத்தான் வழக்கம்போல இறங்கி, செவலையை முளையில் கட்டினார்.

"இதுக்கு மேல குதிரை ஏறாது அனார். நடந்து போகணும்னா உன் கால் தாங்காது. கொஞ்சம் உக்காந்து ரொட்டி சாப்பிட்டுட்டு இறங்கிடலாம். இங்கருந்தே காத்து நல்லா வருது பாரு."

அக்கா காற்றைப் பார்க்கவில்லை. மேலே சரிவைப் பார்த்தாள். "ஏறாதுன்னு குதிரைக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

சாம்பல் குதிரை காதை முன்னால் நீட்டியது. பிறகு, கடைத்தெருவுக்குப் போகிற மாதிரி, சரளையில் வளைந்து வளைந்து ஏற ஆரம்பித்தது. அதன் வீடு அந்தப் பக்கம் இருக்கிறது. அது இந்தக் கணவாயை எத்தனை தடவை தாண்டியிருக்கிறதோ! இருபது வருஷச் சட்டம் இருபது அடியில் முடிந்தது. நானும் அத்தானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அடப்பாவி," என்றார் அத்தான் குதிரையிடம்.

"ஏறுதே!" என்று மேலிருந்து அக்கா கத்தினாள். "என்ன நிக்கிறீங்க? வாங்க!"

அவர் முகத்தில் ஒரு நிமிஷத்துக்குள் என்னென்னவோ வந்துபோயின. செவலையைக் கட்டியாகிவிட்டது, அது ஏறிப் பழகாதது, அதை நம்பி ஏற முடியாது. பெண்டாட்டி மேலே போய்க்கொண்டிருக்கிறாள். மனுஷன் ஓடினார். ஓடிப்போய்ச் சாம்பல் குதிரையின் வாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். செங்குத்தான இடத்தில் குதிரை வாலைப் பிடித்துக்கொண்டு ஏறுவது எங்களிடம் உள்ள வழக்கம்தான், கிழவர்கள் செய்வார்கள். ஆனால் பெண்டாட்டி சேணத்தில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்க, உலாக் வீரர் ஜுமாதில் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாலில் தொங்கிக்கொண்டு போன காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். போனை எடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். என் கையும் பாறையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் முடியவில்லை.

"கண்ணத் தொறங்க அத்தான், வாலுக்கு அடியில இருந்து வேற விஷயமும் வரும்," என்றேன்.

"வாய மூடுடா."

மூன்று மணி நேரம். கல் நழுவுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தோள் குலுங்கியது. குதிரை நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம் அவரும் நின்று, வாலை விடாமல் நெற்றியை அதன் பின்தொடையில் சாய்த்துக்கொண்டார். ஒருதடவை ஏதோ முணுமுணுத்தார். தொழுகிறார் என்று நினைத்தேன். கிட்டே போய்க் கேட்டால், "நல்ல குதிரை, நல்ல குதிரை," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண்ணெல்லாம் மேலே இருந்தது.

கணவாய் உச்சி மூவாயிரத்து எண்ணூறு மீட்டர். மண்ணும் தட்டைக் கல்லும் கலந்த ஒரு முதுகு, பத்துப் பேர் நிற்கலாம். அந்தப் பக்கம் சரிவு சாதுவானது, கொஞ்சம் கீழே ஏரி. முதலில் அக்கா பார்த்தாள். பிறகு நான். அத்தான் வாலை விட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து எங்களுக்கு நடுவில் வந்து நின்றார்.

பெரிய ஏரி. அவர் சொன்ன நீலமே இல்லை. பாலில் புல்லைக் கசக்கிவிட்ட மாதிரி ஒரு பச்சை. பனியாறு அவர் சொல்லாத மூலையில் இறங்கியிருந்தது. பாறை இல்லை. வாத்து இல்லை. தண்ணீர், காற்று, அவ்வளவுதான். இருந்தும் மூன்று பேருக்கும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

"தண்ணி இறங்கித்தானே இருக்கு," என்று அக்கா கரையில் தண்ணீர் இறங்கிக் காய்ந்துபோன கோட்டைக் காட்டினாள். "பாறை எங்கங்க?"

அவர் வாயைத் திறந்தார். ஏதோ தயாராக வந்தது தெரிந்தது, இந்த வருஷம் நிலநடுக்கம் வந்தது என்றோ என்னவோ. பிறகு மூடிவிட்டார். தொப்பியைக் கழற்றினார்.

"தெரியாது அனார். நான் இங்க வந்ததே இல்ல. இன்னிக்குத்தான் முதல் தடவை. பதினாலு வயசுல இந்தச் சரிவுல பாதி வந்தேன், அப்பா என்னைக் கட்டித் தூக்கிட்டு இறங்கினாரு. எனக்கு அவ்வளவு பயம். நான் சொன்னதெல்லாம் அவரு சொன்னது, அவரு பாத்தாரோ இல்லையோ. வாத்து மட்டும் என்னோடது."

எட்டு வருஷமாக என் நெஞ்சில் கிடந்த கல் உருண்டு விழுந்தது. ரொட்டி பிழைத்தது, நானும் பிழைத்தேன். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அந்த நிம்மதி பாதியில் நின்றது.

"இருபத்தாறு வருஷம்," என்றாள் அவள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பெரியவன் பொறக்கும்போது ரெண்டு நாள் வலி. ஆஸ்பத்திரியில சுவத்தப் பாத்துக்கிட்டு நான் எத நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன் தெரியுமா? உங்க ஒட்டகத்த. அது மண்டிபோட்டு எவ்வளவு பொறுமையா இருக்கு, நாமளும் இருப்போம்னு. இல்லாத ஒட்டகத்த!"

"அனார்..."

"ஷார்ஷென் வாத்தியாரு என்னைக் கேட்டு வந்தாரு, தெரியும்ல? நிஜமா மலையேறினவரு. இந்தக் கணவாய அஞ்சு தடவை தாண்டினவரு. நான் வேண்டாம்னுட்டு உங்களக் கட்டினேன். எதுக்கு? இந்த ஏரிய நீங்க சொன்ன சொல்லுக்கு!"

வாத்தியார் பெண் கேட்டு வந்தது எனக்கே புதுச் செய்தி. அக்கா குதிரையிலிருந்து இறங்கி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஏரிக்கரைக்குத் தனியாகப் போனாள். அத்தான் பின்னால் போகவில்லை. போக முடியவில்லை. ஏறி வந்த சரிவை அப்போதுதான் திரும்பிப் பார்த்திருக்கிறார். அப்படியே குந்தி, இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாம்பல் குதிரை வேறு தன் பழைய வீட்டுக்குக் கிளம்பத் துடித்தது. ஒரு கையில் கடிவாளம், ஒரு கையில் அத்தானின் காலர் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். மேற்கே மேகம் திரள ஆரம்பித்தது. மதியத்துக்கு மேல் அங்கே ஆலங்கட்டி மழை பெய்யும். அது பெய்வதற்குள் சரிவைக் கடந்துவிட வேண்டும்.

"அத்தான், கிளம்பணும்."

"நீங்க போங்க. நான் இங்கயே இருந்துடுறேன்."

"இங்கயா? எத்தன நாளைக்கு?"

உள்ளங்கையை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே பயம் வந்துவிட்டது. அவர் என்னைப் போல இரண்டு மடங்கு. கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க நான் அவர் அப்பா இல்லை.

அரைமணி கழித்து அக்கா ஏறி வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள், முன்முடி நனைந்திருந்தது. திட்ட மிச்சம் வைத்துக்கொண்டு வந்தவள், அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். தோள் எலும்பு முறிந்தபோதும் அப்பாவைப் புதைத்தபோதும் அவர் இப்படி இருந்ததில்லை. உதடு நீலமாகி, பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேகத்தைப் பார்த்தாள், சரிவைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள்.

"இவ்வளவு பயத்த வச்சுக்கிட்டா எனக்காக ஏறி வந்தீங்க?"

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அக்கா தலைத்துணியை அவிழ்த்தாள். அதை மடித்து அவர் கண்ணைக் கட்டினாள், மிரளும் குதிரையைப் பாலத்தில் கூட்டிக்கொண்டு போகும்போது கட்டுவோமே, அப்படி. "எழுந்திருங்க. ரெண்டு கையையும் என் தோள்ல வைங்க. நான் கால் வச்ச இடத்துல கால் வைக்கணும். மெலிஸ், இறக்கத்துல ஆளோட போனா குதிரை சறுக்கிடும், நீ அதப் பிடிச்சுக்கிட்டு முன்னால போ."

"முடியல அனார்."

"முடியும். ஒட்டகத்தச் சொல்லுங்க."

"அதான் இல்லையே."

"இல்லன்னா இல்ல. எனக்கு எத்தன தடவை சொன்னீங்க? இப்ப உங்களுக்காகச் சொல்லுங்க."

அவர் எழுந்தார். முதல் நூறு அடிக்கு அவர் பேசியது எதுவும் புரியவில்லை, பல்தான் பேசியது. பிறகு மெல்ல வார்த்தை வந்தது. "காலையில... தண்ணி நீலமா இருக்கும்..."

"பச்சை. இப்பத்தான் கை நனைச்சுட்டு வந்தேன். இடது கால். கீழ, இன்னும் கீழ."

"பச்சையா இருக்கும். நடுவுல ஒரு பாறை..."

"அது இருக்கட்டும். வலது கால்."

"ஒட்டகம் மாதிரி. மண்டி போட்டு..."

"சரளை வருது, மெதுவா. சொல்லுங்க, நிறுத்தாதீங்க. வாத்து எங்க?"

"வாத்து... வாத்து வந்துட்டிருக்கு."

இப்படியே மூன்று மணி நேரம் இறங்கினோம். ஒருத்திக்கு முழங்கால் வேலை செய்யவில்லை, ஒருத்தருக்குக் கண் கட்டியிருக்கிறது. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு முழு ஆள் தேறியது. இரண்டு தடவை கல் நழுவியது. ஒவ்வொரு தடவையும் அக்கா அவர் எடையைத் தாங்கிக்கொண்டு பல்லைக் கடித்தாள். அவர் வர்ணனையை நிறுத்தவில்லை. ஏரியில் அன்று நான் அதுவரை கேட்டிராத மீன்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. கடைசி வளைவில் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது, தொப்பியில் டப்டப்பென்று. அதற்குள் காலடியில் புல் வந்துவிட்டது. ஊற்றின் சத்தம் கேட்டதும் அவர் தானே துணியை அவிழ்த்துவிட்டு, புல்லில் முகம் குப்புறப் படுத்து, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் குலுங்கினார். நான் சேணத்தின் மேல் சாய்ந்துகொண்டேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு மூச்சு விட்டதில்லை. தரைக்கு முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது, அத்தான் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அத்தானின் செவலையில் ஏறினாள்.

மாலையில் முகாமில் புதிதாக ஆறு பேர் கொண்ட குழு வந்திருந்தது. தேநீர் நேரம். கைடு வழக்கம்போல அத்தானைக் காட்டி, "ஏரியப் பத்தி இவரக் கேளுங்க, இவரு மாதிரி யாரும் சொல்ல மாட்டாங்க," என்றான். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அக்கா அடுப்பு ஓரம் கேத்தலோடு உட்கார்ந்திருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

அத்தான் தொண்டையைச் செருமினார். "நான் ஒரே தடவைதான் பாத்திருக்கேன். இன்னிக்குக் காலையில. என் சம்சாரம் கூட்டிட்டுப் போனா. பச்சைத் தண்ணி, பெரிய ஏரி. நான் கொஞ்ச நேரந்தான் பாத்தேன், மிச்ச நேரம் கண்ண மூடிக்கிட்டிருந்தேன். நாளைக்கு உங்க மூட்டையெல்லாம் குதிரையிலயே கணவாய் வரைக்கும் போகும். ஊத்துக்கு மேல குதிரை ஏறும். இத்தன வருஷமா ஏறாம இருந்தது நான்தான்."

கைடு மொழிபெயர்க்காமல் வாயைப் பிளந்தான். அய்பீகே கையிலிருந்த தட்டை வைத்துவிட்டாள். ஆறு பேரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள். அத்தான் அவமானப்பட்டவர் போலவே இல்லை. பாரம் இறக்கிய குதிரை மாதிரி தோளை ஒரு உதறு உதறிக்கொண்டு, கிண்ணத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

எங்களிடம் கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் தேநீர் ஊற்றுவார்கள். இன்னும் இரு, இன்னும் குடி, திரும்பத் திரும்ப ஊற்றுகிறேன் என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அக்கா விளிம்புவரை ஊற்றினாள். ஒரு சொட்டு தளும்பி அவர் விரலில் விழுந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அத்தான் கொதிக்கிற தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிளம்பவில்லை. காலிக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அனார், நீ அந்த வாத்தியாரையே கட்டியிருக்கலாமோ?"

அக்கா கிண்ணத்தை வாங்கித் துணியால் துடைத்தாள், வெளியே, உள்ளே, மறுபடி வெளியே.

"அவரு ஏரியப் பாத்துட்டு வந்த அன்னிக்கு நான் கேட்டேன், எப்படி இருக்கும்னு. மூவாயிரத்து எழுநூத்து அம்பது மீட்டர் உயரம்னாரு. வேறன்னேன். ஆழம் தெரியலன்னாரு. அவ்வளவுதான்." மூக்கை உறிஞ்சினாள். "போய்ப் பாத்துட்டு வந்த மனுஷன் எனக்கு ஒரு வாத்துகூடக் கொண்டு வரல. நீங்க போகாமலே கொண்டு வந்தீங்க."

கேத்தலைச் சாய்த்தாள். கிண்ணத்தின் அடி மறைகிற அளவு, கால்வாசி ஊற்றி அவரிடம் கொடுத்தாள்.